அம்மிமுன் முழங்காலிட்டவன்

சோலினைப் போல நோயாளி பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிரசவமும் காய்ச்சலும் பார்த்தே பிழைத்தவள் நான், சும்மா சொல்லவில்லை. மெக்சிகோ நகருக்குத் தெற்கே, ஏரிக்கரையில் நாவா மக்களான எங்கள் ஊர். கடல் கடந்து எங்களை ஆளவந்த காஸ்தில்காரர்களின் பாதிரிமார் அவனுக்கு வைத்த பெயர் பால்தசார். நாங்கள் சோலின் என்றே கூப்பிட்டோம்.

அவனும் கியாவ் என்பவனும் ஒரே பாயில் படுப்பவர்கள் என்பது தெரு அறிந்தது. ஆணோடு வாழும் ஆண்களைப் பூவுடையவர்கள் என்று சிலர் சொல்வார்கள். ஏசுகிறவர்களுக்கு வேறு சொல் இருந்தது. சோலின்தான் முழங்காலிட்டு அம்மியில் சோளம் அரைப்பான். ஆண் தொடாத வேலை அது. தெருக் காவல்காரன் யாவோ வாசலில் நின்று, "ஏன்டா, பாவாடை எப்பக் கட்டப்போற?" என்பான்.

"உன் பொண்டாட்டி ஒண்ணு குடுத்தா இன்னைக்கே," என்பான் சோலின், குழவியை நிறுத்தாமல்.

பாதிரியார் விசாரிக்க வந்தால் அவன் பெயரைத்தான் முதலில் சொல்வேன் என்று யாவோ மிரட்டிக்கொண்டிருந்தான். ஆணோடு ஆண் படுக்கும் பாவத்துக்குத் தண்டனை நெருப்பு.

பிறகு மூக்கில் ரத்தம் வடியும் அந்த நோய் வந்தது. பெண்கள் அநேகமாக எல்லோரும் படுத்துவிட்டார்கள். வீட்டில் சோளம் இருந்தும் அரைக்க ஆளில்லாமல் பசியிலேயே பலர் செத்தார்கள். தொட்டால் கைராசி போய்விடும் என்று ஆண்கள் அம்மியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கியாவும் படுத்தான். அவனுக்கு அரைத்த கையோடு சோலின் தெருவுக்கே கஞ்சி வைத்தான், ரத்தத் துணிகளை முகம் சுளிக்காமல் அலசினான். ஒருவனால் முடியாது என்றானதும், யாவோவின் வீட்டுக்குள் போய் அவன் தோளை அழுத்தி அம்மிமுன் உட்காரவைத்தான்.

"உன் பொண்டாட்டி சாகணுமா, நீ அரைக்கணுமா? சொல்லு."

யாவோ அரைத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அரைத்தார்கள்.

நோய் தணிந்ததும் பாதிரியார் வருகிறார் என்று தெரிந்தது. ஓடிவிடு என்றேன். கியாவுக்கு இன்னும் கால் ஊன்றவில்லை, இவனை யார் தூக்கி உட்காரவைப்பார் என்று சோலின் கேட்டான். நான் இருக்கிறேன் என்றதற்கு, என் கூனிப்போன இடுப்பைப் பார்த்துச் சிரித்தான்.

பெண் வேலை செய்யும் ஆணைப் பிடித்தால் பாவி கிடைப்பான் என்று பாதிரியாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டி, இங்கே அம்மியில் அரைக்கும் ஆண் யார் என்று காவல்காரனைக் கேட்டார். யாவோ எழுந்தான். சோலின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சாமி. சீக்குக் காலத்துல இந்தத் தெரு ஆம்பளைங்க அத்தனை பேருந்தான் அரைச்சோம்," என்றான் யாவோ.

"அரைச்சாராம்," என்றாள் அவன் மனைவி. "மண்ணு மாதிரி பல்லுல கடிபட்டுச்சு."

முற்றமே சிரித்தது. பழைய தெய்வச் சிலைகளை ஒளித்துவைத்திருப்பது யார் என்ற அடுத்த கேள்விக்குப் பாதிரியார் போய்விட்டார்.

திரும்பும் வழியில் யாவோ, முகத்தைப் பார்க்காமலே, "இனிமே வெளிய தெரியாம வாசல்ல பாயைத் தொங்கவிட்டுட்டு அரை," என்றான்.

"அடுப்புப் புகை அடையும். கியாவுக்கு இருமல் வந்துரும்."

ஆனாலும் வீடு திரும்பியதும் சோலின் பாயைத் தொங்கவிட்டான். கியாவ் படுத்திருந்த பக்கம் சுவரை உடைத்து, புகை போக ஒரு வழியும் செய்தான்.