சட்டை கருகிய பக்கம்

அந்தச் சலவை நிலையத்தில் துணிகளுக்கு அடையாள எண் தைப்பவரை எல்லோரும் ‘கதைக்கார அம்மா’ என்றே அழைத்தனர். தொடக்கத்தில் அது கேலிப்பெயர். பதினோராண்டுகளில் அவர் பத்தொன்பது கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தார். பத்தொன்பதும் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன.

அவர் எழுதும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை பென்சிலில் முதல் வரைவு. ஒரு வாரம் அதைத் திறந்தும் பாராமல் வைத்திருந்து, பிறகு அடித்துத் திருத்தி இரண்டாம் வரைவு. மூன்றாவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பிற்பகலில், வாடிக்கையாளர் வரத்துக் குறைந்த நேரத்தில், அங்கேயே இஸ்திரி போடும் தம் நாத்தனாருக்கு அதை வாசித்துக் காட்டுவார். நாத்தனார் வாய்திறந்து கருத்துச் சொல்பவர் அல்லர். கதை பிடித்தால் இஸ்திரிப் பெட்டி மெல்ல ஊரும். பிடிக்காவிட்டால் விறுவிறுவென்று ஓடும். பெட்டி ஓடிய இடங்களைக் கதைக்கார அம்மா தயவுதாட்சணியம் இன்றி நீக்கிவிடுவார்.

இருபதாவது கதை, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவனைப் பற்றியது. அண்ணன் விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான்; கடைசிப் பக்கத்தில் அதைத் தன் கையிலேயே கட்டிக்கொள்கிறான். வாசித்து முடித்தபோது தீய்ந்த வாடை எழுந்தது.

“ஐயோ அண்ணி, சட்டை” என்றார் நாத்தனார். பெட்டி வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. எடுத்துப் பார்த்தால், வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

முதலாளி சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இருபது வருஷமா இந்தக் கடையில ஒரு துணி தீஞ்சதில்ல. அப்படி என்னம்மா படிச்ச?”

“கடைசிப் பக்கம்தாங்க.”

“இனிமே முதல் பக்கத்தோட நிறுத்திக்க.”

வாடிக்கையாளருக்கு அவரே புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். கருகியதைக் கதைக்கார அம்மா தம் கையெழுத்துப் படிகளுக்கு உறையாகத் தைத்துக்கொண்டார், முக்கோணம் வெளியே தெரியும்படி.

கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. வழக்கமான அச்சடித்த சீட்டு அன்று. ஆசிரியர் கைப்பட எழுதிய கடிதம். ‘கதை நன்று. முடிவு மனத்தை வாட்டுகிறது. அண்ணன் திரும்பி வருவதாக மாற்றித் தந்தால் வெளியிடுகிறோம்.’

பதினோராண்டுகளில் திறந்த முதல் கதவு. கதைக்கார அம்மா மூன்று விடியற்காலைகள் உட்கார்ந்து அண்ணனை வரவழைத்தார். பிற்பகலில் வாசித்துக் காட்டினார். அவர் முடிப்பதற்குள் ஆறு சட்டைகள் மடிப்புக் குலையாமல் அடுக்கப்பட்டுவிட்டன.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணி. அந்தப் போர்வையை இப்படித் தள்ளுங்க.”

“மனசுல இருக்கறதச் சொல்லு.”

“வந்தவருக்குக் காப்பி குடுத்து அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு. அன்னிக்கு அவன் வாட்சைக் கட்டினதும் எனக்குக் கையே ஓடல.”

“இதைத்தானே போடுறேங்கறாங்க.”

“உங்க பேரைப் போடுவாங்க. உங்க கதையைப் போட மாட்டாங்க.”

அன்று மாலை ஆசிரியருக்கு அவர் எழுதிய பதில் இவ்வளவுதான்: ‘தங்கள் அன்புக்கு நன்றி. அண்ணன் வரமாட்டார்.’ ஒருமுறை படித்துப் பார்த்தார். திருத்த ஒன்றுமில்லை. முதல் வரைவிலேயே முடிந்த அவருடைய ஒரே எழுத்து அது.

பழைய முடிவோடு கதை மேலும் மூன்று பத்திரிகைகளுக்குச் சென்று திரும்பியது. ஒவ்வொரு முறையும் தேதியைக் குறித்துக்கொண்டு, புது உறையிலிட்டு, தலைநிமிர்ந்தே அஞ்சலகத்துக்கு நடந்தார். நான்காவதாக ஒரு சிறு பத்திரிகை அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டது.

இதழ் வந்த நாளில், துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் முதலாளி அதை விரித்துக் காட்டினார். “எங்க கடைப் பொம்பளை எழுதினது.” தீய்ந்த சட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கூட்டம் குறைந்ததும் நாத்தனார் இதழை வாங்கிக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்துபோய், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

“கதைதான் உனக்குத் தெரியுமே” என்றார் கதைக்கார அம்மா.

“தெரிஞ்சதுனாலதான் அண்ணி.”