முன்னறையில் ஒரு குடிகாரர்

இன்று காலை காட்டுப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஜெனரேட்டர் வண்டி நின்றது. ஏதோ படப்பிடிப்பாம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கோ அந்த டீசல் புகையில், பருத்திப்பட்டில் நாங்கள் முன்பு இருந்த வீடு வந்து நின்றது.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா ஸ்டெல்லாவும் அங்கேதான் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒருநாள் எங்கள் தெரு வழியாகப் போன சினிமாக் கம்பெனி ஆள், முன்னறைச் சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணாத்தே, கிறிஸ்டியன் ஊடுன்னா இப்டித்தான் இருக்கணும். ஒரே ஒரு நாள் குடுங்க."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர். நம் ஆட்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்று கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் லீவு போட்டேன். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அது என்னைச் சட்டை செய்யவேயில்லை, விடுங்கள்.

எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள் அக்கா. காட்டன் புடவை, தலையில் மல்லிகைப் பூ. டைரக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னப் பாத்தா கிறிஸ்டியன் மாதிரியே இல்லியேம்மா!"

சற்று நேரத்தில் படத்தில் மகளாக வரும் நடிகை, முழங்காலுக்கு மேல் ஏறிய கவுனோடு வேனிலிருந்து இறங்கினார். அடுத்து ஒரு பெட்டி நிறைய பாட்டில்கள். ஆண்டவர் படத்துக்குக் கீழே, அம்மா மெழுகுவத்தி ஏற்றும் பலகையில் அவற்றை அடுக்கினார்கள்.

"சார், எங்க ஊட்ல யாரும் குடிக்கமாட்டோம் சார்," என்றார் அப்பா.

"கதைக்குத்தான் சார். பாத்த ஒடனே ஜனங்களுக்குப் புரியணும்ல?"

அப்பா போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

படம் வந்தபோது குடும்பத்தோடு ஆவடித் தியேட்டருக்குப் போனோம். எங்கள் முன்னறையில், படத்தில் அப்பாவாக வரும் நடிகர் தள்ளாடினார், மகளிடம் காசு பிடுங்கினார், குழறிக் குழறி ஜெபம் சொன்னார். தியேட்டரே சிரித்தது. வெளியே வந்ததும் எதிர்வீட்டுக்காரர் அப்பாவின் தோளில் தட்டினார்.

"இன்னா நைனா, ஊட்ல இவ்ளோ சரக்கு வெச்சிகினு எங்களுக்குக் கண்லயே காட்லியே!"

அப்பாவும் சிரித்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் அலுவலகத்தில் ஒருவன், "வீட்லயும் கவுன்தான் போடுவியா?" என்று கேட்டது விளையாட்டில்லை. அன்று அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஆண்டவர் படத்தைக் கழற்றினார். தெருவிலிருந்து தெரியாதபடி உள்ளறையில் மாட்டினார்.

"அது இன்னா பண்ணுச்சி?" என்றாள் அம்மா.

"அது ஒண்ணும் பண்ல மேரி. பாக்குறவன் ஒண்ணு நெனச்சிக்கிறான்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா இருந்தவரை அது முன்னறைக்குத் திரும்பவில்லை.

இன்று இருவரும் இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த முன்னறையின் போட்டோ ஏதாவது உண்டா என்று அக்காவிடம் கேட்டேன். இல்லை. அந்தக் காலத்தில் படம் பிடிக்க நாங்கள் ஸ்டுடியோவுக்குத்தான் போவோம்.

கடைசியில் போனில் அந்த சினிமாவைத் தேடியெடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நடிகர் சுவரில் சாய்ந்து குடிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் அப்பா தன் கையால் அடித்த இளநீலம் கொஞ்சம் தெரிகிறது. நடிகர் ஒதுங்கினால் அறை முழுதாகத் தெரியும். காட்சி முடியும்வரை அவர் ஒதுங்கவில்லை.