கை தூக்க முடியாத கவசம்

1. சோதனை மேசை

“அண்ணா, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்குங்க” என்றார் பிரியா.

மாட்டியிருந்த ஃபைபர் கவசத்தோடு தூக்கிப் பார்த்தேன். முழங்கை நெஞ்சு உயரம்கூட வரவில்லை.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே அனிமே ரசிகர்கள் விழா. ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் வரும் ஆட்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறுவார்கள். அதற்கு காஸ்பிளே என்று பெயர். சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் கடைகள். மணமகள் அறைதான் வேஷம் கட்டும் அறை. மேடை ஏறுவதற்கு முன் உடையைச் சோதிக்க வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பிரியா மணலியில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்ப்பவர். விழாவுக்கு உதவி செய்ய வந்து அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்.

என் பெயர் தேசப்பன். வயது ஐம்பத்திரண்டு. காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் மேஸ்திரி. என் போட்டி எண் பதினேழு.

“கை தூக்கணும், உக்காரணும், தானா படி ஏறணும். இந்த மூணும் முடிஞ்சாத்தான் மேடைண்ணா” என்றார் பிரியா.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “முப்பது வருசமா படகு கட்டிகினு கீறேன்மா. ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. எனக்கே செக்கிங்கா?”

“ஒழுகாதுண்ணா, நம்புறேன். ஆனா நீங்க இன்னும் கையத் தூக்கலியே.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “மூணு மணிக்குப் போட்டி. அதுக்குள்ள சரிபண்ணிக்கினு வாங்க, உங்க பேரை அடிக்காம வெக்கறேன்” என்றார் பிரியா. அப்போது மணி பதினொன்றேகால்.

2. ஏன் இந்த வேலை

கொரோனா ஊரடங்கில் பட்டறையை மூடியிருந்தபோது போனில் அனிமே பார்க்க ஆரம்பித்தேன். பழகிவிட்டது. ஒரு தொடரில் கோட்டை வாசலைக் காக்கும் ஒரு கிழட்டு வீரன் வருவான். அவன் கவசத்தைப் பார்த்ததும் இது ஃபைபர் வேலை, நம்மால் முடியும் என்று தோன்றியது. பட்டறையில் கிண்டலுக்குக் குறைவில்லை. “மேஸ்திரி பொம்மப் படம் பாக்குறாரு” என்று ரோலர் பிடிக்கும் எடுபிடிப் பையன்வரை சொல்லிவிட்டான். நான் விடவில்லை.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் கட்டும் படகில் ஓனர் பேர் இருக்கும், சாமி பேர் இருக்கும். கடலில் இறங்கிய பிறகு அது என்னுடையது அல்ல. என் கை வேலைக்குள் நானே நின்று, நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆசை போகவில்லை.

வேலையை முறையாகத்தான் செய்தேன். மோல்டு என்கிற அச்சுக்கு மெழுகு, மேலே ஜெல் கோட் பூச்சு, அப்புறம் மூன்று லேயர் கண்ணாடி இழை மேட், அதை இறுக்கும் ரெசின். முன்பக்கம், முதுகு, தோள் எல்லாவற்றையும் உள்ளே மேட் வைத்து ஒட்டி ஒரே உடம்பாக்கினேன். படகில் ஜாயின்ட் வெளியே தெரிந்தால் அது எங்களுக்கு அவமானம். அளவு எடுத்தது நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு. படகு கையைத் தூக்காது. எனக்கு அது தோன்றவே இல்லை.

பெயின்ட் அடித்தது சேவியர். ராயபுரத்து ஆள், இருபது வருட தோஸ்து. அன்று காலை கவசத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அது ஆட்டோவுக்குள் நுழையவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

3. பாத்திரம் கழுவும் இடம்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்த படகில் பிளேடு வைக்க மாட்டோம். உடைந்தால் ஒட்டுப் போடுவோம், வெட்ட மாட்டோம். வெட்டினால் படகின் பலம் போகும், ஓனருக்குத் தைரியம் போகும். இதைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் கவசத்தைக் கழற்றி வைத்தோம். பையில் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு இருந்தது. எடுத்தேன். சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமு, பொட்டு வச்சாச்சுடா. பிளேடு வெக்காத.”

“நீ கோயிலுக்கா போற? சர்ச்சுக்குத்தான போற?”

“பொட்டு பொட்டுதான். ஆறு நாளு பெயின்ட் அடிச்சிக்கீறேன். வா, வூட்டுக்குப் போலாம். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்.”

போய்விடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. திங்கட்கிழமை பட்டறையில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போட்டி எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் திரும்புவதைத்தான் தாங்க முடியாது.

எழுந்து மணமகள் அறைப் பக்கம் போனேன். வெளியே ஒருவர் தன் வேஷத்தை மாட்டிக்கொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு அனல் மின் நிலையத்தில் வெல்டராம். செருப்புக்குப் போடும் ஃபோம் ஷீட்டில் செய்த கவசம். தோள் தனி, மார்பு தனி, இரண்டுக்கும் நடுவில் வாரும் பக்கிளும். கையைச் சுழற்றிக் காட்டினார்.

“ஜாயின்ட் வெளிய தெரியுதே?” என்றேன்.

“தெரிஞ்சா இன்னா நைனா? ஆளு ஆடணும்ல?”

அவர் தோள் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து சேவியரிடம் மாஸ்கிங் டேப் கேட்டேன். முறைத்தான். ஆனால் வெட்ட வேண்டிய கோட்டில் டேப்பை அவனே ஒட்டினான், பெயின்ட் பெயராமல் இருக்க. ஈரத்துணி போட்டு, மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, இரண்டு தோளையும் அறுத்து எடுத்தேன். முதல் இழுப்பு மட்டும் படகையே அறுப்பதுபோல இருந்தது. அதன்பின் அது வேலையாகிவிட்டது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் கொடுத்த டிரில்லில் ஓட்டை போட்டு, வலைக் கயிற்றால் தோளைக் கட்டித் தொங்கவிட்டோம். வெல்டர் கொடுத்த ஃபோம் துண்டை வெட்டிய விளிம்பில் ஒட்டினோம், குத்தாமல் இருக்க. உடம்பெல்லாம் ஃபைபர் தூசி அரித்தது.

இரண்டே முக்காலுக்கு மேசைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் படியில் ஏறி இறங்கினேன்.

“சூப்பர்ண்ணா. போங்க” என்றார் பிரியா.

4. மேடை

மூன்று நிமிடம்தான். படி ஏறினேன். லைட்டில் கண் கூசியது. கோட்டை வாசலைக் காப்பவன்போல இரண்டு கையையும் விரித்துத் தூக்கினேன். மண்டபம் முழுக்க விசில். சேவியர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான். எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பரிசு அந்த வெல்டருக்குப் போனது. நியாயம்தான், அவருடையது நல்ல வேலை.

5. திங்கட்கிழமை

காத்திவாக்கத்திலிருந்து மாரி தன் படகையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் என்னிடம் படகு எடுத்தவர். வலை இழுக்கும் பக்கம் விளிம்பு உயரமாக இருக்கிறது, இடுப்பில் இடிக்கிறது, கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கன்றியிருந்தது.

பொட்டு வைத்த படகு, கை வைக்க மாட்டேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் அக்குளில் கவசம் உரசிய புண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு காலை நேரத்துக்கே எனக்கு இப்படி. இவர் மூன்று மாதமாக அதில் நின்று வலை இழுத்திருக்கிறார்.

“படகுல ஏறி நில்லு. வலை இழுக்கற மாதிரி இழுத்துக் காட்டு” என்றேன்.

அவர் ஏறினார். குனிந்தார், இழுத்தார். இடித்த இடத்தில், வெட்டுவதற்காகச் சாக்பீஸால் கோடு போட்டேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மாரி கீழே இறங்காமல் கேட்டார்: “ஏன் மேஸ்திரி, கட்றதுக்கு முன்னாலயே இத்தக் கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கலாம். முப்பது வருடமாகக் கேட்டிருக்கலாம். இப்போது எங்கள் பட்டறையில் ஓனரும் அவருடைய ஆட்களும் வந்து நின்று, வலை இழுத்துக் காட்டாமல் எந்த மோல்டிலும் நான் மெழுகு பூசுவதில்லை. அன்று மாரியிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைதான் இருந்தது. “தப்புதான்” என்றேன்.