கார் யாருடையது என்று கேட்டார்கள்

கென்ட் பக்கத்துப் பண்ணையொன்றில் கோழிகள் அடைகிடந்த ஒரு காரைத்தான் என் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முப்பதுகளில் செய்த சிறிய சலூன். அதைக் கார் என்று சொல்வதற்கும் இல்லை. எஞ்சின் இல்லை, சில்லு இல்லை, சேசிஸ் என்கிற அடிச்சட்டம் எப்போதோ துருவாகக் கொட்டிப் போயிருந்தது. மிஞ்சியது மேற்கூடு மட்டும்: வளைந்த மட்காட், கண்ணாடியில்லாத கதவுகள், தகரத்துக்குள்ளே உளுத்துப்போன மரச்சட்டம். லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்கியபோது வைக்கோலும் ஒரு கூழ்முட்டையும் கீழே விழுந்தன.

"உதை வச்சு என்னடி செய்யப் போறாய்?" என்று மனைவி கேட்டாள்.

"ஓடப் போறன் அம்மா."

"எங்க? கோழியளுக்குப் பின்னாலயோ?"

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மகளுக்கு இருபத்து மூன்று வயது. எந்திரவியல் படித்துவிட்டு ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் வேலைத்தலத்து நண்பர்களுடன் ஸ்டொக் கார் பந்தயம் பார்க்கப் போவாள். நீள்வட்டத் திடலில் கார்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும் பந்தயம். ஓட்டத்தை விட்டு விலகிய ஒருவர் தன் காரின் சேசிஸை அவளுக்குக் கொடுத்திருந்தார். தடித்த இரும்புச் சட்டங்களை ஒட்டிச் செய்தது. கார் உருண்டாலும் ஓட்டுபவரை நசுங்கவிடாத ஒரு கூண்டும் அதன்மேல் இருந்தது. அந்த முரட்டு இரும்பின் மேல் இந்தக் கோழிக்கூட்டை ஏற்றுவதுதான் அவளுடைய திட்டம்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். மகள் வரும் மெட்ரோபொலிட்டன் ரெயில் பத்து நிமிடம் பிந்தினாலே ஜன்னலடியில் போய் நிற்பேன். அவள் வெல்டிங் செய்யத் தொடங்கிய முதல் ஞாயிறு, ஒரு வாளி மண்ணும் நனைத்த சாக்கும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனேன்.

"அப்பா, நெருப்புப் பிடிக்க முதல் நீங்கள் அணைச்சுப் போடுவீங்கள் போலகிடக்கு," என்றாள் முகக்கவசத்தைத் தூக்கி.

காவல் நிற்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் நான் கணித ஆசிரியர். இங்கே கவுன்சில் அலுவலகத்தில் கோப்பு அடுக்குபவன். பத்து வருடமாக யாரும் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டதில்லை. அவள் கேட்டாள். அந்தத் திடலில் கார்கள் எப்போதும் இடப்பக்கமே திரும்பும் என்பதால் சேசிஸையும் இடப்பக்கம் சாய்த்தே செய்திருந்தார்கள். கூட்டை அதன்மேல் வைத்ததும் ஒரு தோள் இறங்கிய ஆளைப்போல நின்றது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் எவ்வளவு உயரத்துக்குக் கட்டை கொடுத்தால் கூடு மட்டமாக நிற்கும் என்று நான் கணக்குப் போட்டேன். மற்ற எல்லாம் அவள். மரச்சட்டம் முழுவதையும் புதிதாக இழைத்துப் பொருத்தினாள். கூண்டு உள்ளே அடங்குவதற்காகக் கூரையை அறுத்து, உயர்த்தி, அறுத்த தடம் தெரியாமல் ஒட்டினாள்.

லொறியொன்றின் ரப்பர்த் தட்டை அவள் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தபோது எதற்கென்று கேட்டேன்.

"சேசிஸ் ஓடேக்க முறுகும் அப்பா. அதை முறுக விடோணும். மேல இருக்கிற கூட்டை அதோட இறுக்கிக் கட்டினா முதல்ல கதவு திறக்காது, பிறகு மரம் வெடிக்கும். முன்னுக்கு ரெண்டு போல்ட்டை மட்டும் இறுக்கிப்போட்டு, மிச்சத்தை ரப்பரில இருத்தோணும். விளங்குதோ?"

"விளங்குது, ரீச்சர்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்படி ஒன்றரை வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போன்ற நாட்கள் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு இருந்ததில்லை.

பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கணக்காளன், குறிப்புப் பார்த்ததில் நல்ல பொருத்தம். அவர்கள் கோயிலில் மகளைத் தூரத்தில் பார்த்திருந்தார்கள், வீட்டுக்கு வர விரும்பினார்கள். மனைவி மூன்று நாள் கெஞ்சியதில் மகள் சம்மதித்தாள். ஆனால் என்னைத் தனியே கராஜுக்குக் கூப்பிட்டாள்.

"சீலை கட்டுறன். தேத்தண்ணி குடுக்கிறன். ஆனா கார் என்ரதெண்டு சொல்லோணும். அதைக் கேட்டுப்போட்டு வேண்டாமெண்டால் போகட்டும். நீங்கள்தான் சொல்லோணும் அப்பா. நான் சொன்னா வாய்க்காரி எண்டுவினம்."

"ஓம், சொல்லுறன்," என்றேன். என் கையில் அப்போது அவளுடைய ஸ்பானர் இருந்தது.

பையனின் பெற்றோரும் தாய்மாமனும் வந்தார்கள். கார் அன்று வாசலில் நின்றது. மனைவி காலையிலேயே அதன்மேல் ஒரு நீலத் தறப்பாளைப் போர்த்திக் கட்டியிருந்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டுச் சீலை கட்டப் போனாள்.

தேநீரை வாங்கும்போது பையனின் தாய் மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். "கையில என்ன பிள்ளை, சுட்ட தழும்போ?"

"வடை சுடேக்க எண்ணெய் தெறிச்சது," என்றாள் என் மனைவி, கேள்வி முடிவதற்குள்.

"அதுதானே. எங்களுக்கும் வீட்டுவேலை தெரிஞ்ச அடக்கமான பிள்ளைதான் வேணும்."

தாய்மாமன் ஸ்ட்ரெதமில் கடை வைத்திருந்தவர், கலகலப்பான மனிதர். ஜன்னலால் எட்டிப் பார்த்தார். தறப்பாளின் ஒரு மூலை காற்றில் எழும்பியிருந்தது.

"உது ஆரின்ர கார், மாஸ்டர்?"

மகள் கையில் தட்டத்துடன் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பையனின் தாயைப் பார்த்தேன்.

"என்ரதான்," என்றேன். "சும்மா ஒரு பொழுதுபோக்கு."

அத்தோடு முடிந்திருந்தால்கூட வாய் தவறியது என்று சொல்லியிருப்பேன். மாமன் விடவில்லை. "நான் ஊரில கராஜ் வச்சிருந்தனான். உந்தப் பழைய மரக்கூட்டை றேஸ் சேசிஸில ஏத்தினா வெடிச்செல்லோ போகும்? என்னண்டு சமாளிச்சனீங்கள்?"

நான் சொன்னேன். சேசிஸ் முறுகும், அதை முறுக விடவேண்டும், முன்னால் இரண்டு போல்ட்டை மட்டும் இறுக்கி மிச்சத்தை ரப்பரில் இருத்தவேண்டும். ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்னபடியே சொன்னேன்.

"அட, மாஸ்டர் பெரிய எஞ்சினியரெல்லோ!" என்று அவர் என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மாமன் மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அப்பா வேலை செய்யேக்க கிட்டப் போறனீங்களோ? இல்லாட்டி கிறீஸ் பிரண்டிடும் எண்டு பயமோ?"

"இடைக்கிடை தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுப்பன் அங்கிள்," என்றாள் மகள்.

அடுத்த நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள், பிள்ளையைப் பிடித்திருக்கிறதாம். மனைவி சாமிப்படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள். நான் மகளிடம் போய்ச் சொன்னேன்.

"எந்தப் பிள்ளையை?" என்று கேட்டாள்.

"அந்த நேரத்தில, பிள்ளை, வாய் தவறி..."

"தவறேல்லை அப்பா. நல்ல விளக்கமாச் சொன்னீங்கள்."

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை வேலைத்தலத்து நண்பர்கள் இருவர் வந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக் கூட்டைச் சேசிஸிலிருந்து தூக்கினார்கள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "வேண்டாம் அப்பா, நாங்கள் செய்வம்," என்றாள், வழிதெரியாத கிழவருக்குப் பஸ் காட்டுகிற மரியாதையுடன். கூட்டைப் பின்வளவில் மரக்கட்டைகளின் மேல் வைத்தார்கள். சேசிஸ் அதைக் கொடுத்தவரிடமே திரும்பிப் போனது. அடுத்த மாதம் அவள் வடக்கே ஒரு வேலை எடுத்துக்கொண்டு போனாள். கலியாணம் வேண்டாமென்று அவர்களுக்கு நான்தான் சொல்லவேண்டி வந்தது. அதற்கு என்ன பொய் சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை.

ஐந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் பகல் பதினொரு மணிக்கு அவள் தொலைபேசி எடுப்பாள். மருந்து போடுகிறேனா என்று கேட்பாள், அங்கே மழை என்பாள். கார் என்ற சொல்லே வராது. சுகவீனம் என்றால் உடனே ஓடிவருவாள், சமைப்பாள், குளிசையைப் பெட்டியில் நாள்வாரியாகப் போட்டுவைப்பாள். ஊரார் எனக்குக் கிடைத்த பிள்ளையைப் புகழ்கிறார்கள். அவள் பின்வளவுக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான்தான் மழைக்குமுன் போய்க் கூட்டை மூடிவருகிறேன். ஒரு மூலைக் கட்டை மண்ணில் புதைந்து கூடு முறுகிவிட்டது. இடதுபக்கக் கதவு இப்போது திறப்பதில்லை.

போன வாரம் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையால் நடந்துபோன வயதான ஆங்கிலேயர் ஒருவர் வேலிக்கு மேலால் கண்டுவிட்டு முன்வாசலுக்கு வந்து மணியடித்தார். பழைய கார்கள் திருத்துபவராம். மரமூட்டுகளைத் தடவிப் பார்த்தார், கூரையின் ஒட்டைத் தேடிக் கண்டுபிடிக்கமுடியாமல் சிரித்தார். யார் செய்தது என்று கேட்டார்.

"என் மகள்," என்றேன். அவள் செய்தது என்பதை ஒரு வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னேன். அவர் அவளோடு பேச விரும்பினார், தன் இலக்கத்தை எழுதித் தந்தார்.

ஞாயிறுவரை அந்தக் கடதாசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். தொலைபேசி மணியடித்ததும் எடுத்து, மருந்துக் கதைக்கு இடம் கொடாமல், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு அவள் பேசினாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"அது உங்கட கார் எல்லோ அப்பா. அவர் கேக்கிறதுக்கு நீங்களே சொல்லலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும்."

"பிள்ளை..."

"அம்மா நிக்கிறாவோ? ஒருக்காக் குடுங்கோ."

ரிசீவரை மனைவியிடம் கொடுத்தேன்.