கொசு அக்காவின் சுவாஹிலி

பத்தொன்பது வருடம் ரத்த வங்கியில் வேலை பார்த்தும் கொசு அக்காவுக்கு ரத்தத்தைப் பார்த்து ஒருநாளும் குமட்டியதில்லை. மனிதர்களைப் பார்த்துத்தான் குமட்டும். ஊசி ஏறியதும் போட்டோவுக்குப் பல்லைக் காட்டுகிறவர்கள், கொடுத்தது ஒரு பை குடித்தது நாலு ஜூஸ் என்று கிளம்புகிறவர்கள், வாழைப்பழத் தோலைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறவர்கள். எல்லோரையும் மூக்கைச் சுளித்தபடியேதான் கவனித்துக்கொள்வாள். ஆனால் கை அப்படிப்பட்ட கை. ஊசி இறங்குவதே தெரியாது, ரத்தம் மட்டும் போயிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெயர் வைத்த ஆம்புலன்ஸ் டிரைவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள். அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான் அவளுடையது. கையெழுத்துப் போட வேண்டியவர் பெரிய டாக்டர். அதிகமாக ரத்தம் சேகரித்ததற்கான கேடயம் போன வருடம் முப்பத்தெட்டு பை வித்தியாசத்தில் கைநழுவிப் போனதிலிருந்து அவர் ஒரு நிலையில் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் கம்பெனியில் கடல் தாண்டி வந்த நாற்பது பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், பேசுவது சுவாஹிலி என்று காதில் விழுந்ததும் அவருக்கு உயிர் வந்தது. கம்பெனி மேனேஜரிடம் பேசி முகாமுக்கு நாள் குறித்தார். எங்கிருந்தோ ஒரு தாளைத் தயார் பண்ணிக்கொண்டு வந்து கொசு அக்காவிடம் நீட்டினார்.

"பதினாலே வார்த்தைதான் சிஸ்டர். மனப்பாடம் பண்ணிடுங்க. உங்களுக்கென்ன, ஒரு வாரத்துல வந்துடும்."

ஐந்தே நாளில் வந்தது. பாத்திரம் துலக்கும்போது போனில் உச்சரிப்பைப் போட்டுக் கேட்டாள். பஸ்ஸில் முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்காரும்படி செய்தாள். டாமு என்றால் ரத்தம். ம்கோனோ கை. சிண்டானோ ஊசி. லாலா ஹாப்பா, இங்கே படு. குஞ்சா ங்குமி, கையை இறுக்கி மூடு. உசியோகோப்பே, பயப்படாதே. அசாந்தே, நன்றி. பள்ளிக்கூடத்தில்கூட இப்படி எதையும் படித்ததில்லை என்று உள்ளுக்குள் பெருமைதான்.

அவள் கணவர் தையல்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைத் துணி வெட்டும் மேஜையில் படுக்கச் சொல்லி ஒத்திகை பார்த்தாள். மனிதர் மறுபேச்சில்லாமல் படுத்தார், கையை மூடினார், பயப்படாமலும் இருந்தார்.

"கேக்கிறேன்னு தப்பா நெனைக்காத," என்றார் படுத்தபடியே. "படுன்ன, படுத்தாச்சு. மூடுன்ன, மூடியாச்சு. குடுக்கிறியான்னு எப்பக் கேப்ப?"

"அதெல்லாம் ஃபார்ம்ல இருக்குங்க."

"ஃபார்ம் எந்த பாஷையில இருக்கு?"

அவள் தாளை எடுத்து மறுபடி மேலிருந்து கீழே படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமை. மாடு ஓட்டுகிறவன்கூட மாட்டிடம் இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவான். அவள் மூக்கைச் சுளித்தாள். எழுதிக் கொடுத்தவரை நினைத்துப் பாதி, பெருமையோடு அதை ஐந்து நாள் ஒப்பித்த தன்னை நினைத்து மீதி. மேஜையின் ஓரத்திலேயே உட்கார்ந்து போனில் தேடி மூன்று வாக்கியங்களைப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

முகாம் வியாழக்கிழமை காலை கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கருகிய பிளாஸ்டிக், ஊசிப்போன குழம்பு, டெட்டால் மூன்றும் கலந்த நாற்றம். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த நாற்பது பேரும் சுவரை ஒட்டி வரிசையில் நின்றார்கள். மேஜையில் நாற்பது ஃபார்ம். எல்லாவற்றிலும் ஒரே பச்சை மை, ஒரே கையெழுத்து, சாப்பிட்ட நேரம் என்ற இடத்தில் எல்லோருக்கும் காலை எட்டு மணி. பச்சைப் பேனா கம்பெனி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதை மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

முதல் ஆள் நெடிய மனிதன். அவள் வாயைத் திறப்பதற்குள் தானாகவே சட்டைக்கையை மடக்கிப் படுத்துவிட்டான்.

"உமேகுலா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா?

"ஹபானா." இல்லை.

"உனத்தாக்கா குத்தோவா டாமு?" ரத்தம் கொடுக்க விருப்பமா?

அவன் எழுந்து உட்கார்ந்தான். சூப்பர்வைசரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"உனவேசா குக்கத்தா," என்றாள், வரிசைக்கே கேட்கும்படி. மறுக்கலாம்.

"ஹபானா," என்று சொல்லிவிட்டு அவன் சட்டைக்கையை இறக்கினான். வரிசையில் ஒரு சலசலப்பு. மூன்று பேர் கொடுப்பதாகக் கையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வரிசையை விட்டு விலகினார்கள்.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். "என்ன சிஸ்டர் பண்றீங்க? லிஸ்ட்ல இல்லாததெல்லாம் பேசிக்கிட்டு."

"விருப்பமான்னு கேட்டேன் சார்."

"அதான் கையெழுத்து இருக்கே."

"நாப்பதும் ஒரே ஆள் போட்டது சார். அவரையே படுக்கச் சொல்லுங்க, நாப்பது பையும் அவர்கிட்டயே எடுத்துடறேன்."

அவர் குரலைத் தணித்தார். "அடுத்த மாசம் உங்க பேப்பர் என் டேபிளுக்குத்தான் வரும். கேள்வியெல்லாம் போதும். வரிசையில நிக்கச் சொல்லுங்க, படுக்க வைங்க, எடுங்க."

நெடிய மனிதன் இன்னும் போகவில்லை. தமிழ் தெரியாதுதான், ஆனால் மிரட்டலைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? அவன் டாக்டரைக் கண்ணால் காட்டி, அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"வேவே, உனவேசா குக்கத்தா?" நீ? நீ மறுக்கலாமா?

இந்த நான்கு நாளில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியம். அதைத் தன்னிடம் ஒருவன் கேட்பான் என்று அவள் நினைத்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் எந்த மொழியிலும் யாரும் கேட்டதுமில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ண்டியோ," என்றாள். ஆமாம்.

கை தூக்கிய மூன்று பேருக்கும் முதலில் சாப்பாடு போடச் சொன்னாள். அவர்கள் சாப்பிட்டு, இளைப்பாறி வந்ததும் மூன்று பை எடுத்தாள், அசாந்தே சொன்னாள், கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். நான்காவது பையை அவள் தொடவில்லை.

அடுத்த மாதம் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது கடைத்தெருவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கிறாள், சம்பளம் பாதிதான். மூக்கைச் சுளிப்பது மட்டும் நிற்கவில்லை. ஊசிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், "எடுக்கட்டுமா?" என்று கேட்கிறாள். "அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்," என்று வருகிறவர்கள் எரிந்து விழுகிறார்கள். அவர்கள் சரி என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அவள் ஊசியின் மூடியைக் கழற்றுவதில்லை.