கயிற்றை எந்த இடத்தில் இழுப்பீர்கள்?

மூன்று வருடங்களுக்கு முன், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற ஆவணி மாதத்தில் நடந்தது இது. இடம் யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகர்க் கடற்கரை.

நான் ஒரு பாட்டுக்காரி. அம்பா பாடுவேன். வலை இழுக்கும்போதும் வள்ளத்தைக் கரையேற்றும்போதும் எங்கள் ஆட்கள் சேர்ந்து பாடுகிற பாட்டுத்தான் அம்பா. அப்பாவும் அண்ணையும் கடற்தொழிலாளர்கள். பள்ளிக்கூடப் போட்டியில் தொடங்கி, கோயில் திருநாள், கலியாணவீடு, வெளிநாட்டு மேடை என்று அப்போதே இருபது வருடம் பாடியிருந்தேன். பொம்பிளைப்பிள்ளைக்கு எதற்கு அம்பா என்று முகம் சுழித்தவர்கள்கூடப் பிறகு என் பாட்டைத் தங்கள் போனில் மணியாக வைத்தார்கள். கீபோர்ட், டிரம்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு ட்ராக் செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டுவிட்டால் சனம் எழும்பி ஆடும். இந்தப் பாட்டில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு பாடகி யாழ்ப்பாணம் வந்திருந்தார். அங்கே மேற்குத் தீவுகளில் பேசுகிற கேலிக் என்ற மொழியில் பாடுகிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நகரத்து மண்டபம் ஒன்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு.

முதல் நாள் ஒத்திகையில் அவர் மேசையை இரண்டு கையாலும் அடித்து அடித்துப் பாடினார். அவருடைய தீவில் பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து, நனைந்த கம்பளித் துணியை இறுகும்வரை அடிப்பார்களாம். அப்போது பாடுகிற பாட்டாம் அது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கை எங்கே விழவேண்டும் என்பது எனக்கே விளங்கியது.

பிறகு நான் ட்ராக்கைப் போட்டுப் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். என் அரைகுறை இங்கிலீசுக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இல்லாத கயிறு ஒன்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இந்தப் பாட்டில் கயிற்றை எந்த இடத்தில் இழுப்பீர்கள்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்தவர் என்னிடம் இப்படிக் கேட்பதா? நாளைக்குக் காலமை கரைக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் அண்ணை தன் வள்ளத்தை அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ற் அடிப்பதற்காகக் கரையேற்ற இருந்தார். அவரோடு ஆறு பேர். சொன்னபடி அந்தப் பாடகியும் வந்து நின்றார். நான்தான் பாடப்போகிறேன் என்றேன்.

"நீயோ?" என்றார் அண்ணை.

"ஓம், ஏன்?"

"சரி, பாடு பாப்பம்."

மேடையில் பாடுகிற மாதிரியே, வரி முடிகிற இடத்தில் நன்றாக நீட்டி, வளைத்துப் பாடினேன். மூன்று பேர் இழுத்தார்கள், மற்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். வள்ளம் அசையவில்லை. இரண்டாம் முறை ஒரு முழம் ஏறி, அப்படியே வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருவர் சேற்றில் விழுந்தே விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ளை, நாங்கள் கயிறு இழுக்கிற இடத்திலை நீ ராகம் இழுக்கிறாய். மூச்சை எங்கை விடுறது?"

"இவ்வளவு நாளும் ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீ மேடைக்கெல்லோ பாடினனீ. வள்ளத்துக்கு இண்டைக்குத்தானே பாடுறாய்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பாடகியைப் பார்த்து, எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி தன் கதையைச் சொன்னார். சின்ன வயதிலேயே பதக்கங்கள் வாங்கியவராம். ஏழு வருடம் ஒரு பெரிய இசைக்குழுவோடு நகரம் நகரமாகப் பாடித் திரிந்தாராம். பிறகு ஒருநாள் தீவுக்குப் போய்ப் பெண்களோடு மேசையில் இருந்து பாடியபோது, ஒருவருடைய கையும் அவர் பாட்டுக்கு விழவில்லையாம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களோடு இருந்து துணி அடித்தாராம். "அதற்குப் பிறகுதான் நான் பாடகி," என்று சிரித்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

நானும் பிடித்தேன். அத்தனை வருடமும் நான் பாடினேனே தவிர, பாடிக்கொண்டு கயிறு பிடித்ததில்லை. பாரம் கையில் ஏறியதும் என் நீட்டல் வளைவெல்லாம் தானாக அறுந்துபோனது. மூச்சு விடுகிற இடத்தில்தான் சொல் வந்தது. வள்ளம் கிறீச்சிட்டுக்கொண்டு மணலில் ஏறியது. உள்ளங்கை எரிந்தது. எனக்கோ இன்னொரு வள்ளம் இருந்தால் நல்லது போல இருந்தது.

அன்று பின்னேரம் நிகழ்ச்சிக்கு மண்டபம் போனதும் ட்ராக் வேண்டாம் என்றேன். ஏற்பாட்டாளர் பதறிப்போனார். "அக்கா, சனம் அதுக்குத்தானே வந்திருக்கு!"

"வேண்டாம் தம்பி. நான் பாடுவன்."

ஆனால் எடுத்த எடுப்பிலேயே சுருதி உயர்ந்துபோய்விட்டது. இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தினேன். "பொறுங்கோ, திருப்பித் தொடங்கிறன்," என்று மைக்கிலேயே சொன்னேன். இம்முறை இழுக்கிற இடம் வந்ததும் காலால் மேடையை மிதித்தேன். பின்வரிசையில் இருந்த அண்ணையும் ஆட்களும் "ஏலோ!" என்று குரல் கொடுத்தார்கள். அடுத்த இழுப்புக்கு அரை மண்டபம் சேர்ந்தது. அதற்கடுத்ததற்கு எல்லாரும்.

பிறகு அந்தப் பாடகி மேசையை அடித்துத் தன் பாட்டைப் பாடினார். ஒரு சொல்லும் விளங்காத எங்கள் சனம், கதிரைக் கைப்பிடியில் சரியான இடத்தில் அடித்தது. அவர் பாடியபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குப் பிறகு சில கலியாணவீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ட்ராக்கோடு பாடினால்தான் பாட்டு என்றார்கள். பரவாயில்லை. இப்போது கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள். நானும் மாதத்தில் இரண்டு தடவையாவது கரைக்குப் போய்க் கை கொடுக்கிறேன்.

இருபது வருடம் பாடிய பிறகும் "எனக்குத் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்ததே, அதுதான் இன்றைக்கு எந்த மேடையிலும் என்னைப் பயமில்லாமல் நிற்க வைக்கிறது.