பின்சீட்டில் கேட்ட சத்தம்

என் வீட்டுக்காரருக்குப் பணிமனையில் வைத்த பெயர் ‘ஸ்டெதஸ்கோப்’. முப்பத்தோரு வருஷம் பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தார். வண்டி உள்ளே நுழையும்போதே, “மூணாவது சிலிண்டர் சரியில்ல” என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். பெண்டாட்டி முகம் வாடினால் காரணம் கண்டுபிடிக்கத் தெரியாது, அது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சொந்தத்தில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். காசு வாங்க மாட்டார். போய் ஓட்டிப் பார்ப்பார். “எடுக்கலாம்”, இல்லையென்றால் “வேண்டாம்”, அவ்வளவுதான். நானும் நல்லதாக உடுத்திக்கொண்டு கூடவே போய்ப் பின்சீட்டில் உட்காருவேன். அவர் “எடுக்கலாம்” என்றதும் எல்லோரும் அவரைப் பெருமையாகப் பார்ப்பார்கள், அப்படியே என்னையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சாப்பிடும்போது இன்ஜின் சத்தங்களை வாயாலேயே செய்து காட்டுவது அவர் வழக்கம். வால்வு தளர்ந்தால் இப்படி, பெல்ட் தேய்ந்தால் இப்படி என்று ஒவ்வொன்றாக வரும். உள்ளே பேரிங் போனால் எப்படி என்பதற்கு நாக்கை மேலண்ணத்தில் தட்டி, “கடக் கடக்” என்பார். “இது கேட்டா மட்டும் அந்த வண்டியைத் தொடவே கூடாது” என்பார். இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டவளுக்கு அது மனப்பாடம் ஆகாமல் இருக்குமா?

இரண்டு வருஷமாக அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இடது சுத்தமாக, வலது பாதி. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிவி சத்தத்தை அவர் கூட்டினால் நான் ஜன்னலைச் சாத்தினேன். போன் வந்தால் நானே எடுத்துப் பேசி, விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். வெளியாட்கள் மெதுவாகப் பேசினால் அவர் மூன்று முறை தலையாட்டிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை என்று அதற்கு அர்த்தம். அது எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் சேர்ந்தால் முடியும் போலிருக்கிறது.

அப்போதுதான் அவருடைய ஒரே தங்கைக்குக் கார் தேவைப்பட்டது. வயது நாற்பத்தாறு ஆகியும் வீட்டில் அவள் ‘குட்டி’தான். நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவாள், ஊசி போடுவாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, மருந்துப் பையோடு பஸ் மாறி மாறி ஏற முடியவில்லை. ஆறு வருஷச் சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்து, “அண்ணன் பாத்துச் சொன்னா போதும், எனக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம்” என்றாள்.

விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இத்தனை வருஷம் வகுப்பில் எப்படிச் சமாளித்தாரோ, அவ்வளவு மெல்லிய குரல். இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து என் வீட்டுக்காரரிடம் ஏதோ விளக்கினார். குட்டி டிக்கியில் தன் பை அடங்குமா என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் கதவருகே நின்றேன். ஆசிரியர் கையைக் கீழே காட்டி என்னவோ சொல்ல, இவர் மூன்று முறை தலையாட்டிச் சிரித்தார். டயரைப் பற்றி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஓட்டிப் பார்க்கப் போனோம். அவர் ஓட்ட, பக்கத்தில் குட்டி, பின்னால் நான். சமதரையில் ஒன்றுமில்லை. மேம்பாலத்தில் ஏறி அவர் வேகம் கொடுத்தபோது முன்னாலிருந்து கேட்டது. கடக் கடக் கடக். அவர் நாக்கில் கேட்ட அதே சத்தம்.

“சத்தமே இல்ல பாத்தியா குட்டி? வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது” என்றார் அவர். குட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழைய வண்டி என்றால் அப்படித்தான் தட்டும் என்று அவள் நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

எனக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? காதை வைத்துப் பேர் வாங்கிய மனிதரிடம், அவர் தங்கை எதிரிலேயே, ‘உங்களுக்குக் கேக்கலையா?’ என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். பாலம் இறங்கியதும் அவர் “எடுக்கலாம்” என்றார். அன்றே பணம் கைமாறியது. வீட்டுக்குப் போன பிறகும் நான் சொல்லவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் மௌனம் மூன்று வாரம் தாங்கியது. குட்டி தினமும் போன் செய்வாள். “அண்ணி, இன்னிக்கு ஏழு வீடு பாத்துட்டேன்! முட்டி வலியே தெரியல” என்பாள். “நல்லா இரும்மா” என்பேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு எந்த வேலையும் ஓடாது. ‘இப்போதாவது சொல்லிவிடு, பெரிதாக உடைவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனசு குத்தும். நான் எழுந்து போய், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன்.

நான்காவது வாரம் அதே மேம்பாலத்தில் கார் நின்றுவிட்டது. கட்டி இழுத்துப் போனார்கள். பிரித்துப் பார்த்த மெக்கானிக், “பேரிங் போய், கிராங்க்கையும் கீறிடுச்சும்மா. இன்ஜினையே இறக்கணும், வாங்கின விலையில பாதி ஆகும். இது முன்னாடியே தட்டியிருக்குமே, யாருமே கவனிக்கலையா?” என்று கேட்டாராம். குட்டியிடம் அந்தப் பாதியும் இல்லை. தூரத்து வீடுகளை விட்டுவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏறினாள். ஏமாற்றி விற்றுவிட்டாரே என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போனாள்.

அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. நாற்காலியில் இருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணா, வண்டி மேடு ஏறும்போது தட்டுது, அதுக்காகத்தான் விலையைக் குறைச்சிருக்கேன்னு அந்த வாத்தியார் உன்கிட்ட சொன்னாராமே? நீயும் தலையாட்டினியாமே?”

அவ்வளவு பக்கத்தில் நின்று கத்தியதால் அவருக்குக் கேட்டது. முகம் வெளுத்துப்போனது.

“சொல்லு. என்கிட்ட மறைக்க அவர் உனக்கு எவ்வளவு கமிஷன் குடுத்தாரு?”

கூடப் பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அப்படிக் கேட்க வைத்தது யாரென்று எனக்குத்தான் தெரியுமே. ‘எனக்குக் கேக்கலம்மா’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அடுக்களை வாசலில் காத்து நின்றேன்.

“சொன்னாருதான்” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான்தான் உன்கிட்ட சொல்லல.”

செவிடு என்று பெயர் எடுப்பதைவிடத் திருடன் என்று எடுப்பது மேல் என்று முடிவு செய்துவிட்டார். குட்டி வாசல் பக்கம் திரும்பினாள். இப்போது போனால் இந்த வாசலை அவள் இனி மிதிக்க மாட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“குட்டி, உங்க அண்ணன் கமிஷனும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. அவருக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமா கேக்கல. அன்னிக்கு பாலத்துல அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. என்ன சத்தம்னும் தெரியும்.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?”

“உங்க அண்ணன் மானம் போயிடுமேன்னு…”

“என் கால் போச்சே அண்ணி.”

நான் பிடித்திருந்த கையை அவள் மெல்ல விலக்கிக்கொண்டாள். எனக்குப் பின்னால் அவர் எழுந்து வந்திருந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன சொன்ன அவகிட்ட?”

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லியிருந்தேன். ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நான் திரும்பி, அவர் வலது காதுப் பக்கமாக நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ரெண்டு வருஷமா உனக்குத் தெரியுமா?” என்றார்.

தலையாட்டினேன்.

“தெரிஞ்சேதான் என்னை ஒவ்வொரு வண்டியும் பாக்கப் போகவிட்டியா?”

தங்கைக்குச் சொல்ல அவர் மானம் என்று ஒரு காரணம் இருந்தது. அவருக்குச் சொல்ல, அந்தப் பின்சீட்டும் அப்படியே என்மேல் விழும் பார்வையும்தான் இருந்தன.